ஆண்டகை எங்கள் லயத்துக்கு வந்த ஞாயிறு

எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசைதான். மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டித்தான் கிடக்கும். ஃபாதர் டவுனில் இருக்கிறார். எங்களைப் போல ஒன்பது தோட்டம் அவருக்கு. முறை வைத்துச் சுற்றி வருவார். தோட்டத்தில் அநேகம் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். வேதக்காரர்கள் என்று நாங்கள் பதினோரு குடும்பம்.

அந்தப் பதினோரு குடும்பத்திலும் பூசைக்கு உதவி செய்ய ஒரு காலத்தில் ஆறு பையன்கள் இருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொருத்தனாகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசிப் பையனும் போன மாதத்தில் ஃபாதர் பீடத்தில் தனியாக நின்றுகொண்டு, "மணி அடிக்கவாவது ஒரு பிள்ளை வாங்க" என்றார். யாரும் எழும்பவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்து என் மகள் எழும்பிப் போனாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. ஒரு பொம்பளைப் பிள்ளை பீடத்தில் ஏறுவதை அன்றுதான் எங்கள் கோயில் பார்த்தது. பின் வாங்குப் பலகையில் இருந்து ஒரு அம்மா, "இதுவேறயா!" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மணி அடிக்க வேண்டிய இடத்தில் அவள் சரியாக அடித்தாள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின வருடம்தான் என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. வீட்டில் நானும் மகளும்தான். அவள் பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை. அரிசி கழுவும்போது பேசுவாள், பாடம் எழுதும்போது பேசுவாள். பீடத்துக்குப் போன பிறகு அந்தப் பேச்செல்லாம் பூசையைப் பற்றி ஆனது. எந்த நேரம் புத்தகம் பிடிப்பது, எந்த நேரம் ஃபாதர் கையில் தண்ணீர் ஊற்றுவது, எந்த நேரம் மூன்று தடவை மணி. நாற்பது வருடமாகப் பூசை காண்கிற எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். "அப்பா, நீங்க முழங்கால் போடுறது எப்பவும் லேட்டு" என்பாள்.

அவளுடைய வெள்ளை அங்கி பழைய பையன் ஒருவனுடையது. நீளம் அதிகம். நானே மடித்துத் தைத்தேன், கோணலாகத்தான். எங்கள் பக்கம் மழையும் பனியும் என்றால் துணி நாலு நாளானாலும் காயாது. பூசைக்கு முந்தின நாள் அங்கியைத் துவைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோய், தேயிலை காயவைக்கிற அடுப்புப் பக்கம் கம்பியில் போட்டு எடுத்து வருவேன். துணி முழுக்கத் தேயிலை வாசம் ஏறிவிடும். ஃபாதர் ஒருநாள் அங்கியை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க மக வந்து நின்னா பீடமே டீக்கடை மாதிரி இருக்கு அண்ணே" என்றார். மகள் உடனே, "அப்ப வடை ஒங்க செலவு ஃபாதர்" என்றாள். கோயில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பதின்மூன்று நடக்கும்போது ஆண்டகை, எங்கள் பிஷப், எங்கள் தோட்டத்துக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளையும் சேர்த்து எங்கள் கோயிலில் உறுதிபூசுதல் கொடுப்பதாக ஏற்பாடு. எனக்குத் தெரிந்து எங்கள் கோயிலுக்கு ஒரு ஆயர் வந்ததில்லை. மாரியம்மன் கோயில் பையன்கள்கூட வந்து வாழைமரம் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஆண்டகையின் செங்கோலைப் பிடிக்கிற வேலையை ஃபாதர் என் மகளுக்குக் கொடுத்தார்.

அது பெரிய வேலை. ஆண்டகை ஜெபம் சொல்லும்போதும் உட்காரும்போதும் கோலை வாங்கிப் பிடித்திருக்க வேண்டும், நடக்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் கை அதில் படக்கூடாது. தோளில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, அதன் நுனிக்குள் கையை மறைத்துக்கொண்டு, துணியோடுதான் பிடிக்க வேண்டும். கோலின் வளைவு ஆண்டகை கையில் இருக்கும்போது மக்களைப் பார்த்து இருக்கும். பிள்ளை பிடிக்கும்போது பிள்ளையின் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். சிஸ்டர் ஒருவர் இரண்டு சனிக்கிழமை வந்து பழக்கினார். வீட்டில் மகள் ஒரு மூங்கில் கம்பை எடுத்து, குளிக்கிற துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் மேலும் கீழும் நடப்பாள். ஆண்டகை நான்தான். அடுப்பிலிருந்து எழும்பி வந்து கம்பை வாங்கி, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"அப்பா, ஆண்டகை இப்பிடிப் பறிக்க மாட்டாரு. மெதுவா வாங்குங்க."

"ஆண்டகைக்குச் சோறு அடிப்பிடிக்கப் போவுதும்மா."

அந்த ஞாயிறுக்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமை. வேலை விட்டு வீட்டுக்கு வந்தபோது என் அக்கா இஸ்தோப்பில் நின்றாள். அக்கா இருப்பது பக்கத்து லயத்தில், அடுத்த வீட்டு வரிசையில். அத்தான் இந்து, அவளும் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம்தான். என்னைக் கண்டதும் கையை நீட்டி வாசலை மறித்தாள்.

"உள்ள போவாத தம்பி. ஒம் மக பெரியவளாயிட்டா."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தோசப்பட வேண்டிய விசயம். தாய் இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள். நான் சோற்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த வீட்டு வாசலில் வழிப்போக்கன் மாதிரி நின்றேன். உள்ளே எங்கள் ஒரே அறையான காம்பராவின் மூலையில் என் மனைவியின் பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் மகள். தனிப் பாய், தனித் தட்டு, தனிக் கோப்பை. எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்றாலும் இந்த முறை எல்லாருக்கும் ஒன்றுதான். தாய்மாமன் வந்து, தண்ணீர் ஊற்றி, சடங்கு கழிக்கும் வரை பிள்ளை வெளியே வராது. கோயில் வாசலை மிதிக்காது. என் மைத்துனன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. அவனுக்கு லீவு அடுத்த கிழமைதான் கிடைக்கும் என்றான். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் சேலைக்குப் பின்னால்தான்.

இரவுச் சாப்பாட்டை அக்கா கொடுத்துவிட்டுப் போனாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உள்ளே இருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா."

"என்னம்மா."

"ஞாயித்துக்கெழம நான் போவ ஏலாதுன்னு அத்தை சொல்றாங்க."

"முறை அப்பிடித்தானம்மா."

"யாரு முறை? கோயில்ல அப்பிடி எங்கயும் எழுதி இல்ல. நீங்க ஃபாதர்கிட்டப் போயிக் கேளுங்க. ஃபாதர் வரலாம்னு சொன்னா அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வேணாம்னு சொன்னா நான் பேசாம இருந்துருவேன். கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"நாளைக்கே?"

"நாளைக்கே."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. 'ஃபாதர், மகள் வயசுக்கு வந்துட்டா.' அதைச் சொல்ல வேண்டியது பொம்பளைங்க. ஒரு ஆம்பளை, என்னைவிட இளையவரான ஒரு சாமியாரிடம், சொந்த மகளைப் பற்றி அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். பத்துத் தடவையும் வியர்த்தது.

பங்கு வீட்டில் ஃபாதர் தனியாக இல்லை. பந்தல்காரன், உபதேசியார், மாதர் சங்கத்து அம்மாமார் நாலு பேர், எல்லாரும் மேசையைச் சுற்றி. ஃபாதர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க அண்ணே! மக ரெடியா? செங்கோல் பத்திரம்!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மகளுக்குக் காய்ச்சல் ஃபாதர்."

"ஐயையோ. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிரும் அண்ணே."

"இல்ல ஃபாதர். பத்து நாளைக்கு எழும்பக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

எந்த டொக்டர்? ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது. ஃபாதர் முகம் வாடிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனின் பெயரை எழுதச் சொன்னார். "பிள்ளைக்காக வேண்டிக்கிறேன் அண்ணே" என்றார். அந்த அம்மாமாரும் "பாவம் பிள்ளை" என்றார்கள். நான் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்கே உள்ளே இருந்து குரல்.

"அப்பா, ஃபாதர் என்னா சொன்னாரு?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நாளைக்கும் போகச் சொல்வாள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தக் கோலை அவள் இந்த நேரத்தில் பிடித்து, ஏதாவது ஒன்று நடந்துவிட்டால்? பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன்.

"வேணாம்னுட்டாரு" என்றேன்.

சேலைக்குப் பின்னாலிருந்து, "ஏன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கலம்மா."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழுதாளோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. முழு நாளும் பேசுகிற பிள்ளை பேச்சை நிறுத்தினது அன்றைக்குத்தான். ஒரே காம்பரா. நடுவில் ஒரு சேலை. வியாழன், வெள்ளி, சனி என்று நான் அந்தச் சேலையின் பூப்போட்ட கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை மனைவி போன் எடுத்தாள். மகளோடு அரை மணி நேரம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அக்காதான் போனைக் கொண்டுவந்து தந்தாள். "ஃபாதரே வேணாம்னு சொன்னதுக்குப் பெறவு நாம என்னாங்க செய்யிறது, விடுங்க" என்றாள் மனைவி. நானும் "ஆமா" என்றேன். பொய் கடல் தாண்டிக் குவைத்துக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டகை வந்தார். மேளம், வாழைமரம், வழியெல்லாம் தோரணம். உள்ளே இடம் போதாமல் வெளியே ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். செங்கோல் பிடித்த பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் பழக நாள் போதவில்லை. துணி இரண்டு தடவை நழுவியது. வளைவை மக்கள் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தான். அது தப்பென்று எனக்குத் தெரியும். அந்தக் கோயிலில் எத்தனை பேருக்குத் தெரியும் அது?

அக்கா பிறகு சொன்னாள். ஸ்பீக்கர் சத்தம் லயம் வரை தெளிவாகக் கேட்டதாம். சேலைக்குப் பின்னால் மகள் பூசை முழுவதும் பதில் சொன்னாளாம். எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினாளாம், முழங்கால் போட வேண்டிய இடத்தில் போட்டாளாம். "யாரும் பாக்காத எடத்துல தனியா ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சுடா தம்பி, எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்றாள் அக்கா. மறித்து நின்றவளே சொன்னாள்.

பூசை முடிந்தது. ஆண்டகை எல்லாரிடமும் கை கொடுத்துப் பேசிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்த ஃபாதர் என்னைக் காட்டி, "ஆண்டகை, இவங்க மகதான் செங்கோல் புடிக்க இருந்தா. பாவம், காய்ச்சல்ல படுத்திருக்கா. லயம் கீழதான்" என்றார்.

"அப்பிடியா? ரெண்டு நிமிசம் போயி ஆசீர்வதிச்சிட்டு வருவமே" என்றார் ஆண்டகை.

"வேணாம் ஆண்டகை, வழியெல்லாம் சேறு" என்றேன். "சேறு எனக்குப் புதுசா?" என்று சொல்லிவிட்டு அங்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். பின்னால் இருபது முப்பது பேர். நான் முன்னால் ஓடவும் முடியாமல் பின்னால் நிற்கவும் முடியாமல் நடந்தேன். அந்த இருநூறு அடிப் பாதையில் உண்மையைச் சொல்ல எனக்கு இருநூறு அடி இடம் இருந்தது. சொல்லவில்லை.

அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஊதாப் பட்டி கட்டின ஆண்டகையைக் கண்டதும் சுளகைக் கீழே போட்டுவிட்டு எழும்பினாள். என்னை மறித்த மாதிரியே அவரையும் மறித்தாள்.

"சாமி, குத்தமா நெனைக்கக் கூடாது. உள்ள வர ஏலாது. பிள்ளை செவ்வாய்க்கெழம பெரியவளாயிருச்சு."

ஆண்டகை வாய்விட்டுச் சிரித்தார். "இது நல்ல செய்தியாச்சே அம்மா! காய்ச்சல்னுல்ல சொன்னாங்க!"

ஃபாதர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் உள்ளே இருந்து மகளின் குரல் வந்தது. நாலு நாளாக என்னிடம் பேசாத குரல்.

"ஃபாதர்."

"சொல்லும்மா."

"நான் வந்திருந்தா என்னா ஃபாதர்? ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

ஃபாதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சாக்கடைக் காணுக்குள் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதை நாம பெறவு பேசுவோம்மா" என்றார் ஃபாதர்.

ஆண்டகை வாசலில் நின்றபடியே கையை உயர்த்தி, சேலையைப் பார்த்துச் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். சேலை அசைந்தது. முழங்கால் போட்டிருப்பாள்.

வாகனத்தில் ஏறுவதற்கு முன்னால் ஃபாதர் என் கையைப் பிடித்தார். கோபமாகப் பேசவில்லை. "அண்ணே, நான் சொன்னா சரியா வராது. நீங்களே மககிட்ட சொல்லிருங்க" என்றார். அவ்வளவுதான். 'சரி ஃபாதர்' என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மைத்துனன் வந்தான், சடங்கு நடந்தது, மகளுக்குப் பட்டுச்சேலை கட்டிப் படம் பிடித்து அவள் தாய்க்கு அனுப்பினோம். சந்தோசமான நேரத்தில் எதற்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு பள்ளிக்கூடப் பரீட்சை என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த மாதப் பூசைக்கு நான் வழக்கம்போல அங்கியைத் துவைத்து ஸ்டோரில் காயவைத்துக் கொண்டுவந்தேன். மகள் அதைப் பார்த்தாள். "எதுக்கு அப்பா?" என்றாள். கோயிலில் பொம்பளைகளோடு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஃபாதர் பீடத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையால் கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அன்றைக்கு ஃபாதர் தன் ஒரு கையால் சின்னக் குப்பியைப் பிடித்து மற்றக் கையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மணி அடிக்க ஆளில்லாமல், எப்போது முழங்கால் போடுவதென்று தெரியாமல் ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்தது.

வீட்டில் கேட்டேன். "வேணாம்னு சொன்னவருக்கு நான் என்னாத்துக்கு?" என்றாள். "அவருக்கு இல்லம்மா, ஆண்டவருக்கு" என்றேன். "ஆண்டவருந்தான வேணாம்னுட்டாரு" என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு பூசையில் ஃபாதர் கொடுக்கிற அப்பத்தை, அந்த நன்மையை, என்னால் வாங்க முடியவில்லை. மற்றவர்கள் வரிசையில் போகும்போது நான் வாங்கிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு முன்னால் முட்டிக்கு முட்டி உரசிக்கொண்டு எல்லாரும் தாண்டிப் போவார்கள். பதினோரு குடும்பக் கோயிலில் ஒருத்தன் எழும்பாமல் இருந்தால் அது மறைவான காரியம் இல்லை. "இவருக்கு என்னா பாவமோ, பொஞ்சாதியும் ஊருல இல்ல" என்று பேச்சு வந்தது. அதை அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆனால் ஃபாதர் முதலில் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று பூசை இப்படிப் போனது. முன்னால் நான் தனியாக, கடைசி வாங்கில் அவள் தனியாக. ஆண்டவரிடம் போகிற வழியில் நான் ஒரு கல்லைப் போட்டுவிட்டு, அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது பூசை முடிந்து வரும்போது மழை. எங்களுக்கு ஒரே குடை. தேயிலை மலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. குடையை அவள்தான் பிடித்திருந்தாள்.

"அப்பா, நீங்க ஏன் நன்மை வாங்குறதில்ல?"

நான் சேற்றில் கால் வைக்கிற இடத்தைப் பார்த்து நடந்தேன்.

"ஊருல என்னென்னமோ சொல்றாங்க. எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு. நீங்களே சொல்லுங்க."

நின்றேன். அவளும் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தது, மேசையைச் சுற்றி இருந்தவர்கள், காய்ச்சல், டொக்டர். ஃபாதர் வேணாம் என்று சொல்லவே இல்லை என்று. கடைசியில், நான் கேட்கவே இல்லை என்று.



"கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"எனக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அன்னைக்கு ஆண்டகை வாசல்ல நிக்கும்போது... நான் அத்தன பேருக்கு முன்னால ஃபாதர்கிட்டக் கேட்டேனே. அப்பவும் பேசாம நின்னீங்களா?"

"ஆமாம்மா."

"நாலு மாசமா அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன் அப்பா. மனசுக்குள்ள. பூசைக்குள்ள உக்காந்துக்கிட்டே."

குடையை என் கையில் கொடுத்தாள். மழையில் இறங்கி முன்னால் நடந்தாள். நான் "நனையாதம்மா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஓடிப்போய்க் குடை பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு ஆள் இடைவெளியில், அந்த இடைவெளிக்குக் குடை பிடித்துக்கொண்டு, லயம் வரை பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தேவையான பேச்சு மட்டும்தான். 'சோறு இருக்கு.' 'பஸ்ஸுக்குக் காசு வேணும்.' 'அம்மா போன்ல.' தாயிடம் அவள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் மனைவி என்னை விட்டிருக்க மாட்டாள். நானாகவே அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னேன். மனைவி, "நான் அங்க இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலாவது பூசை நாள். காலையில் எழும்பிப் பார்த்தால் மகள் வீட்டில் இல்லை. கொடியில் கிடந்த அங்கியும் இல்லை. நான் அதைத் துவைக்கவும் இல்லை, ஸ்டோருக்குக் கொண்டுபோகவும் இல்லை. எப்போது துவைத்தாள், எங்கே காயவைத்தாள், தெரியாது. கோயிலுக்குப் போனேன். பூசைக்கு முன்னால் ஃபாதர் வெளியே சைப்ரஸ் மரத்தடியில் ஒரு கதிரை போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்பார். அன்றைக்கு அங்கே என் மகள் முழங்காலில் இருந்தாள். ஃபாதரைத் திட்டினதற்காக இருக்கும். அவள் எழும்பி உள்ளே போகும்வரை நான் வேலியோரம் நின்றேன். பிறகு போய் முழங்கால் போட்டேன்.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார், "சொல்லிட்டீங்களா அண்ணே?"

"சொல்லிட்டேன் ஃபாதர்."

அதற்குமேல் அங்கே பேசினதை எழுதக் கூடாது.

மணி சரியான இடத்தில் அடித்தது. மூன்று தடவை. ஜனம் ஒன்றாக முழங்கால் போட்டது. நானும் அன்றைக்கு லேட்டாகவில்லை. ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்க பீடத்திலிருந்து அவள் என் பக்கம் திரும்பவில்லை.

நன்மைக்கு வரிசை எழும்பியது. நாலு மாதத்துக்குப் பிறகு நானும் எழும்பினேன். முன்னால் ஃபாதர், அவருக்குப் பக்கத்தில் மகள். வாங்குகிறவர்களின் நாடிக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டைப் பிடிப்பது பூசை உதவுகிற பிள்ளையின் வேலை. ஆண்டவருடைய உடலில் ஒரு துணுக்குக்கூடக் கீழே விழக்கூடாது. எனக்கு முன்னால் நின்ற பெரியம்மாவுக்குப் பிடித்தாள். பெரியம்மா நகர்ந்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் ஃபாதர்.

"ஆமென்" என்றேன்.

தட்டு என் நாடிக்குக் கீழே வந்தது. எல்லாருக்கும் பிடித்த அதே உயரம், அதே கவனம். அவள் கண் தட்டைத்தான் பார்த்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு சாண் தூரம்தான், அதற்கு மேல் இல்லை. இந்த வேலையில் ஒருத்தருக்கு ஒரு விதம், இன்னொருத்தருக்கு ஒரு விதம் என்று கிடையாது. அவள் அதை நன்றாகப் பழகியிருந்தாள்.

தட்டை எடுத்து எனக்குப் பின்னால் நின்றவருக்கு நீட்டினாள். நான் என் வாங்குக்குத் திரும்பி வந்து முழங்கால் போட்டேன்.